டலோனெகா 5 டாலர் தங்கக்காசு, "கிளீன்ட்" என்று போட்டிருக்கிறது: வாங்கலாமா, விடலாமா?

கிளிமூக்கு:

வணக்கம் எல்லாருக்கும். இருப்பது சார்லட், வட கரோலினா. இந்த ஊரில் 1838 முதல் 1861 வரை தங்கக்காசு மட்டுமே அடித்த அரசாங்க அச்சுச்சாலை ஒன்று இருந்தது, அந்தக் கட்டடத்தைப் பிரித்து எடுத்துப்போய் வேறிடத்தில் திரும்பக் கட்டி 1936இல் மின்ட் மியூசியமாகத் திறந்தார்கள் என்று தெரிந்ததிலிருந்து 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தங்கக்காசுகள் மேல் ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. கையில் 2,500 டாலர் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சென்ட்கூட வீட்டில் பெயராது.

போன வாரம் ஒரு காசுக் கண்காட்சியில் மூன்றைப் பார்த்து வைத்தேன். ஒன்று 1853 டி, 5 டாலர், ஜார்ஜியாவின் டலோனெகா ஊர் அச்சுச்சாலையில் அடித்தது ("டி" அந்த ஊரின் எழுத்து). காசைப் பார்த்துக் கிரேடு போடுகிற கம்பெனி பிளாஸ்டிக் டப்பாவில் சீல் போட்டது, ஆனால் லேபிளில் "ஏயூ டீட்டெய்ல்ஸ், கிளீன்ட்" (அதிகம் புழங்காதது, ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்த குறை உண்டு) என்று இருக்கிறது, 2,300 கேட்கிறார். அடுத்த மேஜையில் 1881 பிலடெல்பியா 5 டாலர், எம்எஸ் 62 (புழங்காத காசுக்கான கிரேடு), பளபளவென்று இருக்கிறது, தங்கத்தின் விலைக்கு மேல் கொஞ்சம்தான் கேட்கிறார். மூன்றாவது, கப்பலில் மூழ்கி எடுத்த 1857 சான் பிரான்சிஸ்கோ 20 டாலர், அது என் பட்ஜெட்டுக்கு எட்டாது, ஆனாலும் கண் அதிலேயே நிற்கிறது.

எனக்குப் புரியாதது: முதல் இரண்டும் ஒரே எடை, ஒரே தங்கம். தேய்ந்து மங்கியது ஏன் இரண்டு மடங்குக்கு மேல் விலை? அந்த "டீட்டெய்ல்ஸ்" அவ்வளவு பெரிய குறையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:

2,500 டாலருக்குத் தங்க ஈடிஎஃப் வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்குங்கள் சார். காசு, டப்பா, லென்ஸ், தலைவலி எதுவும் வேண்டாம்.

உரைகல்:

சும்மா வந்தவரே, அவர் கேட்டது முதலீடு இல்லை, காசு. சரி, விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 5 டாலர் காசு 8.36 கிராம், அதில் 90 சதவீதம் தங்கம். நம் ஊர்க் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்று மேல், மாற்று மட்டும் 22 காரட்டுக்கு ஒரு நூல் கீழே. அன்றைய அவுன்ஸ் விலையை 0.242ஆல் பெருக்கினால் உருக்கு மதிப்பு வந்துவிடும். எந்த மேஜைக்குப் போவதற்கு முன்பும் அந்த எண் மனசில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் நீங்கள் கொடுக்கிற ஒவ்வொரு டாலரும் வேறு எதற்கோ கொடுக்கிற டாலர்.

அந்த வேறு எதற்கோ என்பது என்ன? 1881இல் பிலடெல்பியாவில் 5 டாலர் காசு 57 லட்சம் அடித்தார்கள். 1853இல் டலோனெகாவில் அடித்தது 90,000க்கும் கொஞ்சம் குறைவு, இன்று மிஞ்சியவை சில நூறுதான் என்பது சேகரிப்பவர்களின் கணிப்பு. இத்தனைக்கும் டலோனெகா வரிசையில் 1853 சுலபமாகக் கிடைக்கிற ஆண்டுகளில் ஒன்று. மலையடிவாரத்து ஊரில் அடித்த காசை யாரும் பெட்டியில் பத்திரப்படுத்தவில்லை, கடையில் கொடுத்தார்கள், வாங்கினார்கள், தேய்த்தார்கள், கடைசியில் உருக்கினார்கள். எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1822 பிலடெல்பியா 5 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள், 17,796 அடித்ததாக ஏட்டில் இருக்கிறது, இன்று உலகத்தில் இருப்பது மூன்றே மூன்று, அதில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மற்றவை எங்கே என்றால், அமெரிக்கச் சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் 15 பங்கு வெள்ளி என்று விலை வைத்திருந்தது, ஐரோப்பாவில் பதினைந்தரைப் பங்கு கிடைத்தது. காசைக் கப்பலேற்றி அங்கே உருக்கினால் சும்மா லாபம். விடுவார்களா? 1834இல் காசின் எடையைக் குறைத்துச் சட்டம் போட்ட பிறகுதான் அமெரிக்கத் தங்கக்காசு அமெரிக்காவிலேயே புழங்க ஆரம்பித்தது. அதனால்தான் 1834க்கு முந்தியதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இப்போது உங்கள் 1853 டி. பின்பக்கம் கழுகுக்குக் கீழே பொடியாக ஒரு "டி" இருக்கும். 1838, 1839 ஆண்டுகளின் 5 டாலரில் மட்டும் அது முன்பக்கம், ஆண்டுக்கு மேலே. 1906 முதல் வந்த காசுகளில் அதே எழுத்து டென்வரைக் குறிக்கும். ஆக 1910 டி காசைக் காட்டி டலோனெகா என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். டலோனெகா அச்சு எப்போதுமே கொஞ்சம் மந்தம். பிலடெல்பியாவிலிருந்து போன அச்சுதான், ஆனால் அடித்த விதத்தில் கழுகின் கழுத்து இறகும் கேடயத்தின் ஓரமும் பல காசுகளில் சரியாக எழும்பவே இல்லை. புதிதாக வருகிறவர்கள் அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொண்டு நல்ல காசை விட்டுவிடுவார்கள்.

"கிளீன்ட்" விஷயம். யாரோ ஒருவர் ஒரு காலத்தில் துணியோ பவுடரோ வைத்துத் தேய்த்து மெருகு ஏற்றியிருக்கிறார். பத்து மடங்கு லென்ஸை வைத்து, விளக்குக்குக் கீழே காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். லிபர்ட்டி (சுதந்திர தேவி) முகத்துக்கு முன்னால் இருக்கிற வெற்றிடத்தில் மயிரிழை போலக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். நட்சத்திரங்களின் இடுக்கு, எழுத்துகளின் அடி எல்லாம் ஒரே சீராக மினுங்கும். இயல்பாகப் புழங்கிய காசில் உயர்ந்த இடம், அதாவது காதுக்கு மேல் உள்ள முடியும் கொண்டையும், வெளிறித் தேய்ந்திருக்கும், ஆனால் நட்சத்திர இடுக்குகளில் செம்பழுப்பாக ஒரு அழுக்கு தங்கியிருக்கும். அந்த அழுக்குக்குத்தான் விலை. அது போனால் திரும்ப வராது.

என் முடிவு: 2,300க்கு அந்த டீட்டெய்ல்ஸ் காசு வேண்டாம். ஏறக்குறைய அதே பணத்துக்குக் கொஞ்சம் பொறுத்தால் இரண்டு படி கீழே, விஎஃப் கிரேடில், யாரும் தேய்க்காத டலோனெகா கிடைக்கும். இன்னும் தேய்ந்திருக்கும், ஆனால் ஒழுங்காகத் தேய்ந்திருக்கும். விற்கப் போகும்போது டீட்டெய்ல்ஸ் காசைப் பார்த்ததும் டீலரின் முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

அட்லாண்டா_அய்யாசாமி:

உரைகல் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்கு ஒத்துப்போகிறேன், கால்வாசிக்கு இல்லை. டீட்டெய்ல்ஸ் என்றாலே தீண்டக்கூடாது என்கிற பழக்கம் டப்பா கம்பெனிகள் 1986, 87இல் வந்த பிறகு ஏற்பட்டது. அதற்கு முன்பு பாதிப் பேர் காசைத் தேய்த்துத்தான் ஆல்பத்தில் வைத்தார்கள். லேசாகத் தேய்த்து அப்புறம் நூறு வருஷம் கிடந்து திரும்ப நிறம் பிடித்த காசும் டீட்டெய்ல்ஸ்தான், டிரெமல் மெஷின் வைத்துக் கடைந்த காசும் டீட்டெய்ல்ஸ்தான், லேபிளில் இரண்டும் ஒரே சொல். அதனால் லேபிளை விட்டுவிட்டுக் காசைப் பாருங்கள். பார்க்கச் சகிக்கிற மாதிரி இருந்து, விலை நன்றாக இறங்கினால் வாங்கலாம். 2,300க்கு இல்லை, அதில் சந்தேகமே இல்லை.

நிறத்தையும் கவனியுங்கள். ஜார்ஜியா மலைத் தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருக்கும், முழுசாகப் பிரித்தெடுக்கவில்லை, அதனால் நல்ல டலோனெகா காசு பலவற்றில் மஞ்சளில் ஒரு பச்சைச் சாயல் தெரியும். 1881 பிலடெல்பியாவை அதன் பக்கத்தில் வைத்தால் அது செம்பின் சிவப்பு அடிக்கும். இதைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது, இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சார்லட்டிலிருந்து டலோனெகா காரில் போய்வரக்கூடிய தூரம்தான். பழைய கோர்ட் கட்டடத்தில் கோல்டு மியூசியம் இருக்கிறது, அங்கே இந்த அச்சுச்சாலையின் காசுகளை வைத்திருக்கிறார்கள். அச்சுச்சாலை 1878இல் எரிந்துபோனது, அந்த அடித்தளத்தின் மேல் பல்கலைக்கழகக் கட்டடம் நிற்கிறது, கோபுரத்துக்குத் தங்கத் தகடு போட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்தத் தங்கமெல்லாம் செரோக்கி மக்களின் நிலத்தில் கிடைத்தது. அச்சுச்சாலை திறந்த அதே 1838இல்தான் அவர்களைப் படை வைத்து மேற்கே விரட்டினார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். டீலர்கள் "தெற்கின் காதல் கதை" என்ற பாணியில் இந்தக் காசுகளை விற்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஓட்டைக்காலணா:

கப்பல் காசைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எஸ்எஸ் சென்ட்ரல் அமெரிக்கா, 1857 செப்டம்பர், கலிபோர்னியாத் தங்கத்தோடு நியூயார்க் போகும் வழியில் புயலில் சிக்கி உங்கள் கரோலினாக் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. 400க்கும் மேல் செத்தார்கள். அவ்வளவு தங்கம் வந்து சேராததும் அந்த வருஷத்து வங்கி நெருக்கடியை இன்னும் மோசமாக்கியது. 1988இல் கண்டுபிடித்து எடுத்தபோது 1857 எஸ் 20 டாலர் மட்டும் 5,000க்கு மேல் வந்தது, பெரும்பாலும் அச்சிலிருந்து நேற்று இறங்கிய மாதிரி. அதுவரை அந்தக் காசு நல்ல நிலையில் கிடைப்பதே அபூர்வம், இப்போது அந்தக் காலத்து 20 டாலர் வகையில் நல்ல நிலையில் மிகச் சுலபமாகக் கிடைப்பதே அதுதான். ஆக நீங்கள் கொடுப்பது கதைக்கான விலை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அரிய காசு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

20 டாலர் பொதுவாகவே இவ்வளவு மிஞ்சியதற்குக் காரணம் வெளிநாட்டு வங்கிகள். 1933 ஏப்ரல் 5இல் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார், ஆளுக்கு 100 டாலர் அளவுக்கு மேல் தங்கக்காசு வைத்திருக்கக் கூடாது, ஒப்படைக்க வேண்டும், மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 10 வருஷம் வரை சிறை. அவுன்ஸுக்கு 20.67 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த ஜனவரியில் விலையை 35 ஆக்கினார்கள், மக்கள் ஏமாந்த கணக்கு அது. வாங்கியதை உருக்கிக் கட்டியாக்கினார்கள். அரிய காசு சேகரிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஐரோப்பிய வங்கிப் பெட்டகங்களில் மூட்டையாகக் கிடந்தவை அந்த உலைக்குத் தப்பின, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன, இப்போதும் வருகின்றன. அதனால் ஏதாவது ஒரு 20 டாலர் காசு திடீரென்று மலிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டலோனெகா, சார்லட் காசுகள் அப்படி மூட்டையாக வந்து இறங்கியதில்லை.

ஈடிஎஃப் நண்பருக்கு: அமெரிக்காவில் தங்கத்தைக் கையில் வைத்திருக்கிற ஈடிஎஃப்களுக்கும் காசுக்கும் ஒரே வரிதான், ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 28 சதவீதம் வரை. தூக்கம் மட்டும்தான் மிச்சம்.

சும்மா_வந்தவன்:

அதுவே பெரிய மிச்சம் சார் 😄

கிளிமூக்கு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நேற்று அந்த டீலர் கடைக்கே போய் 1853ஐ மறுபடி பார்த்தேன். உரைகல் சொன்ன கோடுகள் இருக்கின்றன, முகத்துக்கு முன்னால் மட்டும் இல்லை, கழுத்துக்குக் கீழேயும். இன்னொன்று, மேல் விளிம்பில், மணிக்கூட்டில் 12 இருக்குமே அந்த இடத்தில், ஓரத்துக் கோடுகள் கொஞ்ச தூரத்துக்கு மழுங்கி, கொஞ்சம் வெளிறிய நிறத்தில் ஒரு திட்டு. டீலரைக் கேட்டால் "பழைய காசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

அப்புறம் இணையத்தில் ஒருவர் 1861 டி ஒரு டாலர் தங்கக்காசு, டப்பா இல்லாமல், 900 டாலருக்குப் போட்டிருக்கிறார். எடை 1.67 கிராம், தராசுப் படமும் போட்டிருக்கிறார், சரியாக இருக்கிறது. தாத்தா வைத்திருந்ததாம். இது எப்படி?

உரைகல்:

அந்த 1861 டி பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அந்தக் காசின் கதை இது. 1861இல் ஜார்ஜியா அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன பிறகு டலோனெகா அச்சுச்சாலை தென்மாநிலக் கூட்டமைப்பின் கைக்குப் போனது, உள்ளே கிடந்த தங்கத்தை வைத்து அவர்கள் ஒரு டாலர் அடித்தார்கள், எத்தனை என்று யாரும் கணக்கு எழுதவில்லை. கூட்டமைப்பு மட்டுமே அடித்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தங்கக்காசு அது ஒன்றுதான். உண்மையானது பல பத்தாயிரம் டாலர் போகும். அதை 900க்கு விற்கிற தாத்தா உலகத்தில் இல்லை.

எடை சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. சின்னத் தங்கக்காசுகளில், அதாவது 1, இரண்டரை, 3 டாலர்களில், போலி செய்தவர்கள் உண்மையான தங்கத்தையே போட்டார்கள். 1950, 60களில் பெய்ரூட் பக்கம் அடித்தவை இன்றும் சந்தையில் சுற்றுகின்றன, தராசும் ஏமாறும், உரைகல்லும் ஏமாறும் (என் பெயருக்கே அவமானம்). அச்சைத்தான் பார்க்க வேண்டும். போலியில் வெற்றிடம் எண்ணெய் தடவிய மாதிரி வழவழப்பாக இருக்கும், எழுத்து ஓரங்கள் கூர்மையாக நிற்காமல் உருண்டிருக்கும், சில இடத்தில் பொடிப்பொடியாக மேடு தெரியும், அது போலி அச்சை ஒட்டுப்போட்டதன் தடம். நல்ல காசில் காயம் என்றால் பள்ளமாகத்தான் இருக்கும். 1861 டிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு, "யுனைடெட்" என்பதன் முதல் எழுத்து உண்மையான காசில் கிட்டத்தட்ட மறைந்தே போயிருக்கும். அந்த எழுத்து பளிச்சென்று தெரிகிற 1861 டியைப் பார்த்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பிலடெல்பியாக் காசில் "டி"யை ஒட்டி விற்பதும் உண்டு, எழுத்தின் அடியைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு தெரிகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

டப்பாவில் இருந்தாலும் நம்பர் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். டப்பாவையே போலியாகச் செய்கிறார்கள். டப்பா போடுகிற கம்பெனிகளான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டின் தளத்திலும் நம்பரைப் போட்டால் காசின் விவரம் வரும், பலவற்றுக்குப் படமும் வரும், படத்தில் இருக்கிற கீறலும் கையில் இருக்கிற கீறலும் ஒன்றா என்று பாருங்கள்.

1853இன் அந்தத் திட்டு: கடிகாரச் சங்கிலியிலோ ப்ரூச்சிலோ தொங்கவிட வளையம் வைத்துப் பொடிவைத்து ஊதி ஒட்டியிருக்கிறார்கள், பிறகு வளையத்தை அரவித் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே அது சர்வசாதாரணம், நம் ஊர்க் காசுமாலை மாதிரி. கம்பெனி லேபிளில் பெரும்பாலும் ஒரு குறையைத்தான் எழுதுவார்கள், இரண்டு இருந்தால் மற்றது விட்டுப்போகலாம். டீலருக்கு அது தெரியாமல் இருக்காது.

அட்லாண்டா_அய்யாசாமி:

ஊதிய காசு என்றால் நானும் கட்சி மாறிவிட்டேன், வேண்டாம்.

உங்கள் பணத்துக்கு நியூ ஆர்லியன்ஸ் பக்கமும் பார்க்கலாமே? பின்பக்கம் "ஓ" இருக்கும். 1838இல் சார்லட், டலோனெகாவோடு சேர்ந்தே திறந்த மூன்றாவது கிளை, பெரிய துறைமுகம், அதிகம் அடித்தார்கள், அதனால் உள்நாட்டுப் போருக்கு முந்தைய தெற்குக் காசு ஒன்று கையில் வேண்டும் என்றால் அதுதான் குறைந்த விலை. 1843 ஓ இரண்டரை டாலர் நிறையவே கிடைக்கும். 4.18 கிராம்தான், அரைப் பவுன் சுமார், ஆனால் லிபர்ட்டி முகம் சின்னதாக அழகாக இருக்கும். சார்லட் ஆள் சார்லட் காசுதான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் இரண்டரை டாலரில் தேய்ந்த "சி" ஒன்று தேடுங்கள். 1845இல் மட்டும் தேடாதீர்கள், 1844 ஜூலையில் அங்கே தீப்பிடித்து 1846 வரை ஒரு காசும் அடிக்கவில்லை. 1845 சி என்று யாராவது காட்டினால் போலீஸில் சொல்லுங்கள்.

கிளிமூக்கு:

சார்லட் காசுதான், முடிவு செய்துவிட்டேன். தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. இதன் விலை நியாயமா என்று எங்கே பார்ப்பது? டீலர்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஓட்டைக்காலணா:

ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் இரண்டின் பழைய ஏல முடிவுகளும் இலவசமாகப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கும் படத்தோடு. ஆண்டு, எழுத்து, கிரேடு போட்டுத் தேடி, கடைசி இரண்டு மூன்று வருஷத்தில் போனவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தியது தங்க விலை வேறாக இருந்த காலம். விலை அதிகம் போனதையும் குறைந்து போனதையும் பக்கத்தில் வைத்துப் படத்தைப் பார்த்தாலே கண் பழகிவிடும். அங்கே காட்டுகிற தொகை பெரும்பாலும் வாங்குபவர் கட்டணத்தையும் சேர்த்தது. நீங்களே ஏலத்தில் இறங்கினால் கட்டணம் 20 சதவீதம் அளவுக்கு வரும், அதைக் கழித்துக்கொண்டு கை தூக்குங்கள். உங்களிடம் 2,500 என்றால் 2,050க்கு மேல் போகக் கூடாது.

அட்லாண்டா_அய்யாசாமி:

டலோனெகா வந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் மட்டும் வேண்டாம், கோல்டு ரஷ் டேஸ் திருவிழா, வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.